ஆலுலா பூவுக்கு ராத்திரி யார் வந்தாங்க?

ஹவாய் தீவுக்கூட்டத்துல கவாய்னு ஒரு தீவு. அதோட வடமேற்குக் கரைக்கு நாபாலின்னு பேரு, கடல்லேர்ந்து செங்குத்தா எழும்பி நிக்கிற பாறைச்சுவர், சில இடத்துல 1,200 மீட்டர் உயரம் வரைக்கும் போகுது. மண்ணுன்னு சொல்லிக்க பெருசா ஒண்ணும் இல்லாத அந்தப் பாறை இடுக்குல வேர் விட்டு, உப்புக்காத்து முழுக்க முகத்துல வாங்கிட்டு வளர்ற ஒரு செடி இருந்துச்சு. அந்த ஊர் மக்கள் ஆலுலான்னும் ஓலுலுன்னும் சொல்லுவாங்க. தாவரவியல் பேர் பிரிகாமியா இன்சிக்னிஸ், ஹொனலூலுல இருக்கிற பிஷப் மியூசியத்தோட முதல் இயக்குநர் வில்லியம் பிரிகாம் பேர்ல 19ஆம் நூற்றாண்டுல வச்சது. தண்டு அடியில பருத்து சதைப்பிடிப்பா இருக்கும், தண்ணிய அதுலதான் சேர்த்து வச்சுக்கும், கிளையே பெரும்பாலும் கிடையாது, உச்சியில மட்டும் வட்டமா ஒரு கொத்து தடிச்ச இலை. ஆங்கிலத்துல குச்சி மேல முட்டைக்கோஸ்னு செல்லமா கூப்பிடறாங்க, படத்தைப் பார்த்தா ஏன்னு உடனே புரிஞ்சிடும்.

ஆனா என்னைப் பிடிச்சு உட்கார வச்சது அந்தத் தண்டு இல்ல, பூ. வெளிர் மஞ்சள், உச்சியில அஞ்சு இதழ் நட்சத்திரமா விரியும், அதுக்குக் கீழ ஒல்லியா ஒரு குழாய், 10 சென்டிமீட்டர் பக்கம் நீளம், தேன் அந்தக் குழாயோட அடியில. நல்ல வாசனைன்னு பார்த்தவங்க எல்லாரும் சொல்றாங்க. இந்த லொபீலியா குடும்பத்துப் பூக்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு, பூ விரிஞ்சதும் முதல்ல ஆண் வேலை நடக்கும், மகரந்தப் பைகள் எல்லாம் ஒண்ணா ஒட்டி ஒரு குழலா இருக்கும், அதுக்குள்ளேர்ந்து சூல்தண்டு மெல்ல வளர்ந்து மகரந்தத்தை வெளிய தள்ளிட்டு வரும், அதெல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் அந்தத் தண்டோட நுனி, சூல்முடின்னு சொல்றது, பிரிஞ்சு மகரந்தத்தை வாங்கிக்கத் தயாராகும். அதாவது ஒரே பூவுக்குள்ள கொடுக்கிற நேரமும் வாங்கிக்கிற நேரமும் வேற வேற. இன்னொரு பூவுலேர்ந்து யாராவது எடுத்துட்டு வந்தாத்தான் காரியம் ஒழுங்கா நடக்கும்.

அந்த யாராவது வர்றது நின்னு போச்சு.

1970கள்லேர்ந்து அமெரிக்காவோட தேசிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஸ்டீவ் பெர்ல்மன் அந்தச் சுவர்ல கயிறு கட்டி இறங்க ஆரம்பிச்சாரு, பின்னாடி கென் வுட்டும் சேர்ந்துக்கிட்டாரு. கீழ அலை அடிக்குது, மேல பாறையில ஒரு முடிச்சு, நடுவுல தொங்கிக்கிட்டே ஒரு செடியோட பூவுலேர்ந்து பிரஷ்ஷால மகரந்தத்தை எடுத்து, அடுத்த செடிக்குப் போய், அந்தப் பூவோட சூல்முடியில தடவிட்டு வந்திருக்காங்க. அப்புறம் காய் முத்துற நேரம் பார்த்து திரும்பவும் இறங்கி விதை எடுத்திருக்காங்க. வருஷக்கணக்கா. ஒரு பூச்சி சம்பளம் இல்லாம, வழி தெரிஞ்சு, இருட்டுல செஞ்சிட்டு இருந்த வேலை இது.

நான் இந்தக் கதைக்கு வந்து சேர்ந்ததே ஒரு சுரைக்கொடி வழியாத்தான். பெரம்பூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில அம்மா குரோ பேக்ல காய்கறி போடறாங்க, கத்தரி, வெண்டை, அதோட பந்தல் போட்டு சுரை, புடலை, பூசணி. பூசணிக்குப் பிரச்சனை இல்ல, அது காலைல பூக்குது, தேனீ வருது, எங்கேர்ந்து வருதுன்னு தெரியல ஆனா வருது, பிஞ்சு நிக்குது. சுரையும் புடலையும் அப்படி இல்ல, பொழுது சாயறப்பதான் வெள்ளையா விரியும், புடலைப் பூவைச் சுத்தி நூல் நூலா தொங்கும் பார்த்திருப்பீங்க, ராத்திரி வர்ற அந்துப்பூச்சிக்காக விரியற பூ அதெல்லாம். எங்க மாடிக்கு ரெண்டு பக்கமும் புது அபார்ட்மெண்ட் வந்து ராத்திரி முழுக்க எல்இடி ஃப்ளட் லைட் எரிய ஆரம்பிச்ச அப்புறம் சுரைப்பிஞ்சு எல்லாம் விரல் நீளம் வந்ததும் வெம்பி விழுது. "ஆண் பூவைப் பறிச்சு பெண் பூ மேல ஒரு தடவு தடவி விடுடா, நம்ம ஊர்ல பாட்டி செய்வாங்க"ன்னு அம்மா சொன்னாங்க. சரின்னு இப்ப ஆபீஸ்லேர்ந்து வந்ததும் ஏழு மணி வாக்குல மாடிக்குப் போய் அதைச் செய்யறது என் வேலை, பெண் பூவுக்கு அடியில குட்டிச் சுரைக்காய் இருக்கும், ஆண் பூ வெறும் காம்புல நிக்கும், கண்டுபிடிக்கிறது ஈஸி. அதைப் பத்தி மேற்கொண்டு படிக்கலாம்னு ஒரு நாள் உட்கார்ந்தப்பதான் கயித்துல தொங்கற அந்த ரெண்டு பேரோட படம் கண்ணுல பட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி தூங்க லேட்டாச்சு.

என்னை உலுக்கின விஷயம் இதுதான். ஆலுலா பூவுக்கு அந்தக் காலத்துல யார் வந்துட்டு இருந்தாங்கன்னு நேர்ல பார்த்து உறுதியா எழுதி வச்ச பதிவு கிடையாது. இன்னைக்கு விஞ்ஞானிகள் சொல்றதெல்லாம் பூவோட உருவத்தை வச்சு சொல்றது. வெளிர் நிறம், அதனால இருட்டுல தெரியும். வாசனை இருக்கு. குழாய் நீளம், அதனால நீளமான நாக்கு வேணும். தேனைக் குடிக்கிறப்ப உட்கார இடம் இல்ல, அதனால பறந்துக்கிட்டே குடிக்கிற ஆளா இருக்கணும். இது எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா ஹாக் மாத்னு சொல்ற பெரிய அந்துப்பூச்சி வகைதான் பொருந்துது.

இப்படி பூவை வச்சு விருந்தாளியை ஊகிக்கிறது ஒண்ணும் குருட்டு வேலை இல்ல. மடகாஸ்கர்லேர்ந்து வந்த ஒரு வெள்ளை ஆர்க்கிட் பூவுல தேன்குழல் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் நீளம் இருந்ததைப் பார்த்துட்டு, இவ்வளவு நீள நாக்கு உள்ள அந்துப்பூச்சி ஒண்ணு அங்க இருந்தே ஆகணும்னு டார்வின் 1862ல எழுதினாரு. நிறைய பேர் நம்பல. 1903ல அந்தப் பூச்சிக்குப் பேர் வச்சு விவரம் வெளிவந்துச்சு, அதுவும் ஹாக் மாத்தான், நாக்கு அந்தக் குழலுக்குப் போதுமான நீளம். டார்வின் செத்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு அப்ப. ஆனா அங்க பூச்சி உயிரோட இருந்துச்சு, தேடினவங்களுக்குக் கிடைச்சுது.

கவாய்லயும் ஒரு சந்தேகப்பட்டியல் இருக்கு. அந்தத் தீவுக்கே உரிய பச்சை ஹாக் மாத் ஒண்ணு, டினோஸ்டோமா ஸ்மராக்டிடிஸ், படத்துல பார்த்தா மரகதப்பச்சை ரெக்கை, அவ்வளவு அழகு. 1895ல முதல் தடவை பிடிபட்டுச்சு. அதுக்கப்புறம் பல பத்து வருஷத்துக்கு ஒண்ணும் இல்ல, இன்னைக்கு வரைக்கும் அதை நேர்ல பார்த்தவங்க ரொம்பக் கொஞ்சம். ஆலுலாவோட பழைய கூட்டாளி இதுவா இருக்கலாம்னு சிலர் சொல்றாங்க. ஒரு அரிய செடியோட துணை அதைவிட அரிய ஒரு பூச்சின்னா அந்த ரெண்டு பேரும் ஒரே ராத்திரி ஒரே பாறையில சந்திக்கிறது எப்படி?

பூச்சி எங்க போச்சுங்கிறதுக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது, பல அடி சேர்ந்து விழுந்திருக்கு. ஹவாய் எந்தக் கண்டத்துலேர்ந்து பார்த்தாலும் 3,000 கிலோமீட்டருக்கு மேல தள்ளி நடுக்கடல்ல கிடக்கிற இடம், அங்க இயற்கையா இருந்த பூக்கும் தாவரங்கள்ல 90 சதவீதத்துக்குப் பக்கம் உலகத்துல வேற எங்கயும் கிடையாது. மேயற மிருகமே இல்லாத ஊர்ல வளர்ந்த செடிக்கு முள் எதுக்கு, கசப்பு எதுக்கு? 1778ல கேப்டன் குக் பக்கத்துத் தீவான நீஹாவ்ல ஆடுகளை இறக்கி விட்டாரு. அந்த ஆட்டு இனம் பெருகி மனுஷன் ஏற முடியாத பாறையில எல்லாம் ஏறி மேய்ஞ்சுது. கப்பல்ல எலி வந்துச்சு, நத்தை வந்துச்சு, நத்தைக்குக் கூடு இல்லாத தம்பி ஸ்லக்கும் வந்துச்சு, ஹவாய்ல இயற்கையா எறும்பே கிடையாது ஆனா அதுவும் வந்துச்சு. இதுல எனக்கு ரொம்ப வலிச்சது குளவி விஷயம். கரும்பு, மத்த பயிர்களைத் தின்கிற புழுவை ஒழிக்க வெளியூர்லேர்ந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டு வந்து விட்டாங்க, பயிருக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சாங்க, அந்தக் குளவி பயிர்க்காட்டோட நிக்கல. கவாய் மலை உச்சியில ஆலகாய்னு ஒரு சதுப்புக்காடு, விவசாயமே இல்லாத இடம், அங்க உள்ளூர் அந்துப்பூச்சியோட புழுக்களைச் சேகரிச்சு வளர்த்துப் பார்த்தா அதுக்குள்ளேர்ந்து அந்த வெளியூர்க் குளவிங்க வெளிய வருது.

புழுவைக் கொன்னா பூச்சி இல்ல. பூச்சி இல்லைன்னா பூ விரிஞ்சு, காத்திருந்து, வாடி விழும். செடி சாகாது, அதுதான் இதுல கொடுமை, பெரிய செடி பல வருஷம் நல்லாவே நிக்கும், பாக்கறவங்களுக்குப் பச்சையா இருக்கும், பூக்கவும் பூக்கும். அடுத்த தலைமுறை மட்டும் வராது. நீஹாவ்ல 1940களுக்கு அப்புறம் ஆலுலாவை யாரும் பார்க்கல. கவாய்ல மிச்சம் இருந்த கூட்டத்து மேல 1982 நவம்பர்ல இவா புயல் அடிச்சுது, பத்து வருஷம் கழிச்சு 1992 செப்டம்பர் 11 அன்னைக்கு இனிக்கிங்கிற புயல். காத்து வேகம் மணிக்கு 230 கிலோமீட்டர். பாறையோட சேர்த்து செடிகளையும் பெயர்த்துக் கடல்ல தள்ளிடுச்சு. 2016 டிசம்பர்ல வர்தா அடிச்ச மறுநாள் காலைல நம்ம தெருவுல இறங்கி நடந்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல, ஆயிரக்கணக்குல மரம் விழுந்து கிடந்துச்சு, ஆனா நம்ம தூங்குமூஞ்சியும் குல்மொஹரும் வேற ஊர்லயும் இருக்கு, நர்சரியில கன்னு கிடைக்கும். அந்தப் பாறையில விழுந்தது விழுந்ததுதான், மேல வர்றதுக்கு இளங்கன்னு கிடையாது.

1994ல அமெரிக்க அரசு அதை அழியும் ஆபத்துல உள்ள இனம்னு பட்டியல்ல சேர்த்துச்சு. எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வந்து கடைசியா காட்டுல ஒரே ஒரு செடி, அதையும் 2014க்கு அப்புறம் யாரும் பார்க்கல. காட்டுல அநேகமா அழிஞ்சு போச்சுன்னுதான் இப்ப கணக்கு.

இதுல விசித்திரம் என்னன்னா இந்தச் செடி ஆயிரக்கணக்குல உயிரோட இருக்கு. நெதர்லாந்து நர்சரிகள் இதை வளர்த்து ஹவாய் பாம், வல்கன் பாம்னு எல்லாம் பேர் போட்டு ஐரோப்பா முழுக்கத் தொட்டியில விக்கிறாங்க, ஜன்னல் ஓரத்துல வைக்கிற அழகுச் செடியா. உலகத்துல பல தாவரவியல் பூங்காக்கள்ல இருக்கு. அப்ப பிரச்சனை முடிஞ்சுதுன்னு தோணலாம், எனக்கும் படிச்சப்ப ஒரு நிமிஷம் நிம்மதியாத்தான் இருந்துச்சு. மேல படிச்சா நிம்மதி போயிடுது. அந்தப் பூங்காச் செடிகள்ல பெரும்பாலானது பெர்ல்மனும் மத்தவங்களும் பாறையிலேர்ந்து எடுத்துட்டு வந்த கொஞ்ச செடிகளோட விதையிலேர்ந்து வந்தது. அதாவது எல்லாம் சொந்தக்காரங்க. அண்ணன் தங்கச்சிக்குள்ள கலப்பு நடந்துக்கிட்டே போனா தலைமுறைக்குத் தலைமுறை பலம் குறையும், மகரந்தம் வீரியம் இழக்கும், விதை சரியா முளைக்காது. விதையைக் குளிர்ல போட்டு பத்திரப்படுத்தலாம்னா அதோட முளைப்புத்திறனும் காலம் போகப் போக இறங்குது. அதனால சிகாகோ தாவரவியல் பூங்காவும் கவாய் ஆட்களும் சேர்ந்து வேற வழி பிடிச்சாங்க, மிருகக்காட்சிசாலைகள்ல புலிக்கும் காண்டாமிருகத்துக்கும் வம்சாவளிப் பதிவு வச்சு, எந்த ஊர் ஆணை எந்த ஊர் பெண்ணோட சேர்க்கணும்னு பார்ப்பாங்கல்ல, அதே முறை. ஒவ்வொரு பூங்காச் செடிக்கும் மரபணு பார்த்து, யார் யாருக்கு எவ்வளவு தூரத்துச் சொந்தம்னு கணக்குப் போட்டு, தூரத்துச் சொந்தமா இருக்கிற ரெண்டு செடிக்கு நடுவுல மகரந்தத்தை அனுப்பறது. வண்டலூர்ல புலிக்கு செய்யற அக்கறையை ஒரு செடிக்கு செய்யறாங்கன்னு படிச்சப்ப எனக்கு அந்த ஆட்கள் மேல பெரிய மரியாதை வந்துச்சு.

மனுஷக்கை பூச்சி வேலையை எடுத்துக்கிட்டது இது முதல் தடவை இல்ல. ரீயூனியன் தீவுல 1841ல எட்மண்ட் ஆல்பியஸ், அப்ப அவனுக்கு 12 வயசு, அடிமையா வச்சிருந்த பையன், வெனிலாப் பூவை ஒரு குச்சியும் கட்டைவிரலும் வச்சு சேர்க்கிற வழியைக் கண்டுபிடிச்சான். வெனிலாவோட சொந்த ஊர் மெக்சிகோ, அதைத் தாண்டி எங்க காய்ச்சாலும் அந்தப் பையன் காட்டின முறைதான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புல வெனிலா போட்டவங்க வீட்டுப் பெண்கள் காலைல ஏழு மணிக்கே பூ சேர்க்கப் போவாங்க, மத்தியானத்துக்குள்ள பூ வாடிடும், எங்க சித்தி அந்த வேலை செஞ்சிருக்காங்க, விரல் நுனியில பழக்கம் இன்னும் இருக்கு. ஆனா வெனிலாவுக்குக் காய் வந்தா போதும், வியாபாரம் நடக்கும். ஆலுலாவுக்குக் கை கொடுக்கறவங்க விரும்புறது கை எடுத்துட்டாலும் அது தானா வாழணும்னு. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி வேலை, ஆனா ஒண்ணோட முடிவு சந்தை, இன்னொண்ணோட முடிவு கண்ணுக்கே தெரியல.

மொரிஷியஸைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவுல காஃபே மரோன்னு ஒரு செடி, அழிஞ்சே போச்சுன்னு முடிவு கட்டினது, 1980ல ஒரு ஸ்கூல் பையன் ரோட்டோரத்துல கண்டுபிடிச்சான். அந்தத் தீவுல மிச்சம் அது ஒண்ணுதான். 1986ல லண்டன் கியூ பூங்காவுக்குக் கிளைத்துண்டு போச்சு, வேர் பிடிச்சுது, பூத்துச்சு, விதை மட்டும் வரவே இல்ல. வருஷம் வருஷமா பூத்துக் கொட்டிச்சு. 2003ல கியூ தோட்டக்கலைஞர் கார்லோஸ் மக்தலேனா விடாம முயற்சி பண்ணி காய் பிடிக்க வச்சாரு. இந்தக் கதையைத் தனியா ஒரு நாள் எழுதணும், இங்க ஒரு வரியில தாண்டிப் போறேன், ஆனா விதை எடுக்கிறதுங்கிற ஒரே ஒரு காரியத்துக்கு எத்தனை பேரோட எத்தனை வருஷம் போகுதுன்னு பாருங்க.

பூச்சியைப் பத்தி நல்ல செய்தியும் ஒண்ணு உண்டு. ஹவாயோட இன்னொரு பெரிய அந்துப்பூச்சி பிளாக்பர்ன் ஹாக் மாத், 1970கள்ல அது அழிஞ்சுதுன்னே நினைச்சாங்க, 1984ல மவுயி தீவுல திரும்பக் கிடைச்சுது. அதோட புழு தின்னுட்டு இருந்த உள்ளூர் மரம் அருகிப் போனதால வெளியூர்லேர்ந்து வந்து களையா மண்டின ஒரு புகையிலை இனச் செடியைத் தின்னு தப்பிச்சிட்டு இருக்கு. 2000ல அதைப் பாதுகாப்புப் பட்டியல்ல சேர்த்தாங்க, ஹவாய்ப் பூச்சிகள்ல முதல் தடவையா. கவாய்ல முன்னாடி அது இருந்ததுக்குப் பதிவு இருக்கு, இப்ப இல்ல. செடி பக்கமும் அப்படி ஒரு செய்தி உண்டு, கவாய் கலாலாவ் பள்ளத்தாக்குல செம்பருத்திக்கு உறவான ஒரு மரம், 1991ல கென் வுட்டும் பெர்ல்மனும் கண்டுபிடிச்சது, 2016ல அழிஞ்சதுன்னு அறிவிச்சுட்டாங்க, 2019ல பாறைச்சுவர் ஓரமா ட்ரோன் விட்டுத் தேடினப்ப மனுஷன் கயிறு கட்டி இறங்க முடியாத ஒரு மடிப்புல அது நின்னுட்டு இருந்துச்சு. அதே ட்ரோன்கள் இப்ப அந்தக் கரை முழுக்கப் பறக்குது. ஏதாவது ஒரு இடுக்குல ஒரு ஆலுலா நிக்கலாம்னு நான் உண்மையாவே நம்பறேன்.

ஆனா கிடைச்சாலும் அது ஒத்தையா நிக்கும். காட்டுல திரும்பக் கொண்டுபோய் நட்டாலும் யாராவது பிரஷ் எடுத்துட்டுப் போகணும். செடியைக் காப்பாத்திட்டோம்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு வராதது இதனாலதான். செடிக்கு விதைவங்கி இருக்கு, டிஷ்யூ கல்சர் இருக்கு, கண்ணாடி வீடு இருக்கு. அந்தச் செடிக்கும் ஒரு பூச்சிக்கும் நடுவுல லட்சக்கணக்கான வருஷமா இருந்த பழக்கத்துக்கு வங்கி கிடையாது, அது நடந்துட்டு இருந்த காலத்துல யாராவது ஒருத்தர் ராத்திரி உட்கார்ந்து பார்த்து எழுதி வச்சிருந்தா இன்னைக்கு எந்தப் பூச்சியைத் தேடறதுன்னாவது தெரிஞ்சிருக்கும். 19ஆம் நூற்றாண்டுல ஹவாய் போன தாவரவியலாளர்கள் இலை நீளம் அளந்தாங்க, பூவை அழுத்திக் காய வச்சு மியூசியத்துக்கு அனுப்பினாங்க, நல்ல வேலை செஞ்சாங்க, குறை சொல்லல. பகல்ல செஞ்சாங்க.

அதான் எனக்கு நம்ம சென்னையைப் பத்தி யோசனை ஓடுது. நம்ம ஊர்ல ராத்திரிப் பூக்கள் எவ்வளவு இருக்கு! மழை ஆரம்பிச்சதும் மரமல்லி பூக்கும், வெள்ளையா நீளக் குழாய்ப் பூ, கோட்டூர்புரம், பெசன்ட் நகர் பக்கம் காலைல வாக்கிங் போனா பிளாட்பாரம் பூரா கொட்டிக் கிடக்கும், பசங்க பொறுக்கி விரல்ல மாட்டிக்குவாங்க. ஆலுலா மாதிரியே ஹாக் மாத்துக்கான பூ அது. பூவுக்குக் குறைவே இல்ல, ஆனா அதோட காய் கிளையில தொங்கி நான் ஒரு தடவைகூட பார்த்ததில்ல, நீங்க பார்த்திருந்தா எந்தத் தெருன்னு சொல்லுங்க. பவழமல்லி ராத்திரி விரியுது, நந்தியாவட்டை இருக்கு, அரளி இருக்கு. நந்தியாவட்டையிலயும் அரளியிலயும் தடியா பச்சையா, கழுத்துக்கிட்ட நீலக் கண்ணு ரெண்டு, வால்ல சின்னதா ஒரு கொம்போட ஒரு புழு இருக்கும், பார்த்ததும் பயந்து மருந்து அடிப்பாங்க, இல்ல குச்சியால தள்ளி மிதிப்பாங்க. அதுதான் ஹாக் மாத்தோட குழந்தை, வளர்ந்தா பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த ரெக்கையோட சாயந்திரம் பூ முன்னாடி அந்தரத்துல நின்னு தேன் குடிக்கும். செடியை அது கொல்லாது, இலை திரும்ப வந்துடும். எங்க அம்மாகிட்ட இதைச் சொன்ன அப்புறம் அவங்க பக்கத்து வீட்டு மாமிக்குச் சொல்லி, மாமி அவங்க தோட்டக்காரருக்குச் சொல்லி, எங்க சந்துல இப்ப நந்தியாவட்டைக்கு மருந்து அடிக்கிறது நின்னிருக்கு.

லைட் விஷயத்துல இன்னும் ஜெயிக்கல. அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல பேசினேன், பாதுகாப்புக்கு வேணும்ங்கிறாங்க, அதுவும் நியாயம்தான், ஆனா கீழ்நோக்கி அடிக்கிற மாதிரி மூடி போட்டா கேட்டுக்கும் வெளிச்சம் கிடைக்கும் எங்க பந்தலுக்கும் இருட்டு கிடைக்கும். வெள்ளை பல்புக்குப் பதிலா மஞ்சள் பல்பு போட்டாலே பூச்சி வந்து மொய்க்கிறது குறையும். செயலாளர் அண்ணன் பார்க்கலாம்னு சொல்லியிருக்காரு, நான் விடறதா இல்ல.

ஜூலை கடைசி வாரம் உலகம் முழுக்க அந்துப்பூச்சி வாரம் கொண்டாடறாங்க, 2012லேர்ந்து நடக்குது, இந்தியாவுலயும் நிறைய பேர் செய்யறாங்க. வெள்ளை வேட்டியோ பெட்ஷீட்டோ கொடியில கட்டி, முன்னாடி ஒரு பல்பு போட்டு, வந்து உட்கார்றதை எல்லாம் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட்ங்கிற இணையதளத்துல போடறது, குழந்தைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், கட்டாயம் செய்யுங்க. ஆனா துணியில வந்து உட்கார்ற பூச்சி எந்தப் பூவுக்குப் போகுதுன்னு துணி சொல்லாது. அதுக்குப் பூ முன்னாடியே உட்காரணும். போன் டார்ச் மேல சிவப்பு செல்லோஃபேன் பேப்பர் ரெண்டு மடிப்பு ஒட்டிக்கோங்க, பெரும்பாலான பூச்சிக்கு சிவப்பு சரியா தெரியாது, நம்ம கண்ணுக்குப் போதும். கொசுவுக்கு முழுக்கை சட்டை, பூக்கிட்ட கொசுவத்தி வேண்டாம். பொழுது சாய்ஞ்சதுலேர்ந்து ஒரு மணி நேரம் ஒரே பூவைப் பாருங்க, ஏதாவது வந்தா நேரம், பூவோட பேர், எந்தத் தெரு, நாக்கு உள்ள போச்சா இல்ல சும்மா சுத்திட்டுப் போச்சா, எவ்வளவு நேரம் நின்னுச்சு, பக்கத்துல லைட் எரியுதா, இதை மட்டும் ஒரு நோட்டுல எழுதுங்க. ஒண்ணும் வரலைன்னாலும் தேதி போட்டு வரலைன்னு எழுதுங்க, அந்த வரியும் வேணும். நான் எங்க மாடிப் புடலைக்கு எழுதிட்டு இருக்கேன், மரமல்லிக்கு ஆள் வேணும், அடையாறு, கோட்டூர்புரம் பக்கம் வீட்டு வாசல்ல மரம் இருக்கறவங்க மழை ஆரம்பிச்சதும் சொல்லுங்க, ஆளுக்கு ஒரு சாயந்திரம்னு பிரிச்சுக்கலாம்.